வாகனங்களை விலக்கிய கடைவீதிகள்: நகராட்சிகளும் நகர்மைய வணிகமும்

ஒரு கடைவீதியின் வாழ்வும் தாழ்வும் வணிகரின் திறமையை மட்டும் பொறுத்தவை அல்ல. பேருந்து எங்கே நிற்க வேண்டும், வண்டிகளை எங்கே நிறுத்தலாம், தெருவோரத்தில் யார் கடை போடலாம் என்பவற்றை முடிவு செய்வது பெரும்பாலும் நகர நிர்வாகமே. நலிந்துவரும் நகர்மைய வணிகத்தைக் காக்க, கடைவீதியில் வாகனங்களை நிறுத்தி அதை நடப்போருக்கு ஒதுக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நகராட்சிகள் கையாண்டன. ஒரே மருந்து சில ஊர்களில் பலித்தது, சில ஊர்களில் பலிக்கவில்லை.

கலமசூ (1959)

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கார் வைத்திருந்த குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடெங்கும் நெடுஞ்சாலைகள் விரிந்தன. அதே ஆண்டில் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டப்பட்ட இதனை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன். இத்தகைய வளாகங்கள் பெருகப் பெருக, நகர்மையக் கடைகளில் கூட்டம் குறைந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் தன் கடைவீதியைக் காக்க அதே குரூனின் உதவியையே நாடியது. 1959 ஆகஸ்டில் பர்டிக் தெருவின் ஒரு பகுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. செடிகளும் இருக்கைகளும் அமைக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கைத் தெருவின் சொத்து உரிமையாளர்கள் ஏற்றனர். அமெரிக்காவில் நடப்போருக்கென ஒதுக்கப்பட்ட முதல் திறந்தவெளிக் கடைவீதி இதுவே என்பர். இதைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் அதே வழியில் சென்றன.

ஆனால் குரூனின் திட்டம் மிகப் பெரியது. நகர்மையத்தைச் சுற்றி வட்டச்சாலை, அதன் ஓரங்களில் வாகன நிறுத்தங்கள், உள்ளே பரந்த நடைப்பகுதி என்பது அவர் வகுத்த ஏற்பாடு. கட்டப்பட்டதோ தெரு மட்டுமே. மக்கள் புறநகருக்குப் போவதும் நிற்கவில்லை. 1998இல் அத்தெருவின் ஒரு பகுதி மீண்டும் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் 1964இல் உருவான ஃபுல்டன் கடைவீதியும் 2017இல் மீண்டும் சாலையானது.

கோபனேகன் (1962)

டென்மார்க்கின் தலைநகரான கோபனேகனில் 1962 நவம்பரில் ஸ்ட்ரோயெட் என்னும் கடைத்தெருத் தொடரில் சோதனை முறையில் கார்கள் தடுக்கப்பட்டன. அதன் நீளம் சுமார் 1.1 கிலோமீட்டர். கார் வராவிட்டால் வாடிக்கையாளரும் வரமாட்டார் என்று வணிகர்கள் அஞ்சினர். குளிர்நாட்டில் தெருவில் யார் உலாவுவார் என்ற ஐயமும் எழுந்தது. அச்சம் பொய்த்தது. 1964இல் ஏற்பாடு நிலையானது.

மாநகராட்சி அத்துடன் நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஆண்டுதோறும் நகர்மையத்தின் வாகன நிறுத்த இடங்களைச் சிறிது சிறிதாகக் குறைத்தது. 1962இல் சுமார் 15,800 சதுர மீட்டராக இருந்த கார் இல்லாப் பரப்பு, 1996இல் 95,000 சதுர மீட்டரைத் தாண்டியது. கட்டடக் கலைஞர் யான் கேல் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்று பல ஆண்டுகள் எண்ணிப் பதிவு செய்தார். கலமசூவில் கார் இன்றிக் கடைக்கு வருவது கடினம். கோபனேகனிலோ நகருக்குள்ளேயே வாழ்ந்த மக்கள் மிதிவண்டியிலும் பேருந்திலும் வந்து சேர முடிந்தது. இரு நகரங்களின் முடிவுகள் வேறுபட்டதற்கு இது முக்கியக் காரணம்.

குரிடிபா (1972)

பிரேசிலின் குரிடிபா நகரில் மேயர் ஜெய்மே லெர்னர் 1972இல் நகரின் முதன்மைக் கடைத்தெருவை ஒரே வார இறுதியில் நடைவீதியாக மாற்றினார். எதிர்ப்பு வலுப்பதற்குள் வேலையை முடிப்பதே நோக்கம். கார் ஓட்டுநர்கள் தெருவை மீட்கத் திரண்டபோது, அங்கே குழந்தைகள் நீண்ட தாள்களை விரித்து ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தனர். முதலில் எதிர்த்த வணிகர்களே பின்னர் நடைவீதியை நீட்டிக்கக் கேட்டனர். 1974 முதல் பேருந்துகளுக்குத் தனிப்பாதைகளும் வந்தன. எனினும் அது இராணுவ ஆட்சிக்காலம். லெர்னர் நியமிக்கப்பட்ட மேயர். கருத்துக் கேட்காமல் செயல்படும் அந்த முறையை மக்களாட்சியில் அப்படியே பின்பற்ற இயலாது.

சென்னை (2019)

இந்த வரிசையில் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு தியாகராய நகரின் பாண்டி பஜார். சர் தியாகராயா சாலையில் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் அகன்ற நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. இங்கே வாகனங்கள் முழுவதும் தடுக்கப்படவில்லை. சாலை குறுகி, நடைபாதை அகன்றது. 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. கார் இல்லாதவரும் எளிதில் வந்து சேரும் வசதி இங்கு உண்டு.

ஆனால் மேலைநாட்டு நகரங்களில் பெரிதாக எழாத கேள்வி ஒன்று இங்கே எழுகிறது. பூவும் வளையலும் துணியும் விற்ற நடைபாதை வணிகர்கள் எங்கே போவார்கள்? மாநகராட்சி அவர்களுக்கெனத் தனி வணிக வளாகம் கட்டி முன்பே இடமாற்றியது. நடந்துபோகிறவர் கண்ணில் பட்டு நடக்கும் வணிகம், மாடிக்கு ஏறும்போது அதே அளவில் நடப்பது அரிது. நடைபாதையில் வணிகம் செய்வது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவின்கீழ் வரும் உரிமை என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் நகர விற்பனைக் குழுக்களில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களை அவ்வணிகர்களின் பிரதிநிதிகளுக்கு அளித்தது. இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பும் கட்டாயம்.

வரலாறு காட்டுவது

தெருவை அழகுபடுத்துவது எளிது. கல் பதித்து, விளக்கு நட்டு, இருக்கை போட்டுவிடலாம். கலமசூவில் அழகுக்குக் குறைவில்லை, வருவோர்தான் குறைந்தனர். கோபனேகனும் குரிடிபாவும் மக்கள் வந்துசேரும் வழியையும் சேர்த்துக் கவனித்தன. சென்னைக்கு வந்துசேர்வோருக்குக் குறைவில்லை. அவர்களை நம்பி வாழும் கடைசி வணிகருக்கும் அந்தத் தெருவில் இடம் இருக்கிறதா என்பதே இங்கு நகராட்சியின் பணியை அளக்கும் அளவுகோல்.