இருட்டும் பெயரும்: சியோலின் இரவு வீதிகள் குறித்துச் சில குறிப்புகள்

ஒருபால் விழைவோரின் வரலாற்றை எழுதுகிறவர்களிடம் ஒரு பெருங்கதையாடல் தயாராக இருக்கிறது. மறைவிலிருந்து அறிவிப்புக்கு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு. 1969இல் நியூயார்க்கில் தொடங்கி உலகமெங்கும் ஏற்றுமதியான கதை. தென்கொரியத் தலைநகர் சியோலைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கதை எனக்குக் கைகொடுக்க மறுக்கிறது. அங்கே இருட்டு ஒடுக்குமுறையின் விளைவு மட்டுமல்ல. அதற்குள் ஒரு சமூகம் தன்னைக் கட்டிக்கொண்டது, காதலுக்கான விதிகளையும் சேர்த்து.

முதலில் சட்டம். பிரிட்டிஷார் நம் தலையில் கட்டிவிட்டுப் போன 377 மாதிரி ஒரு பிரிவு கொரியாவின் பொதுக் குற்றவியல் சட்டத்தில் இல்லை. அப்படியானால் சுதந்திரம்தானே என்று கேட்கலாம். 1962ஆம் ஆண்டின் ராணுவக் குற்றவியல் சட்டத்தில் அது இருக்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை சிறை. உடற்தகுதியுள்ள ஆண்கள் எல்லோரும் கட்டாயப் படைச் சேவைக்குப் போகவேண்டிய நாட்டில் ராணுவச் சட்டம் யாருக்கான சட்டம்? அரசியல் சாசன நீதிமன்றம் 2002, 2011, 2016, 2023 என நான்கு முறை அதைச் செல்லும் என்று சொல்லியிருக்கிறது.

இனி இடம். சியோலின் நடுவே ஜோங்னோ. அங்கே தாப்கோல் பூங்கா. 1919 மார்ச் 1இல் ஜப்பானியருக்கு எதிரான சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட இடம். பக்கத்திலேயே பகோடா என்கிற மலிவான சினிமா அரங்கு இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆண்கள் ஆண்களைத் தேடி அங்கே வந்தார்கள். திரையில் என்ன ஓடுகிறது என்பதா முக்கியம்? (1989 மார்ச்சில் கவிஞர் கி ஹ்யோங்-தோ அந்த அரங்கில்தான் இறந்துகிடந்தார், 28 வயது. அரங்கின் பெயரை வைத்தே இறந்தவரைக் கூண்டிலேற்றும் விசாரணையில் எனக்கு விருப்பமில்லை.) அரங்கைச் சுற்றி, நாக்வொன்-தோங் சந்துகளில், சின்னச் சின்ன மதுக்கடைகள் முளைத்தன. 1982 ஜனவரி வரை நள்ளிரவிலிருந்து விடிகாலை 4 மணிவரை ஊரடங்கு. பன்னிரண்டு அடித்தால் ஒன்று வீட்டுக்கு ஓடவேண்டும், இல்லாவிட்டால் விடியும்வரை உள்ளேயே கிடக்கவேண்டும். யாருடன் விடிவது என்பதை அரசாங்கத்தின் கடிகாரம் தீர்மானித்த காலம் அது.

அந்தக் கடைகளில் உண்மைப் பெயர் கேட்பது நாகரிகமல்ல. புனைபெயர்தான். பகலில் கணவனாக, அப்பாவாக, அலுவலராக இருக்கிறவனுக்கு இரவில் வேறு பெயர். இந்தச் சூழலிலிருந்துதான் 'இபன்' என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. 'இல்பன்' என்றால் சாதாரணம், பொது. 'இல்' என்ற ஒலிக்கு ஒன்று என்றும் அர்த்தமுண்டு. 'இ' இரண்டு, வேறு என்றும் கொள்ளலாம். நீங்களெல்லாம் ஒன்று, நாங்கள் வேறு. மருத்துவமும் சட்டமும் சூட்டிய பெயரை ஒதுக்கிவிட்டு, குடித்துச் சிரித்தபடி தாங்களே சூட்டிக்கொண்ட பெயர். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ தன் நிஜப் பெயரைச் சொன்னால், அதுதான் காதலைச் சொல்வது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதேவொன் வேறு மாதிரி. யோங்சான் அமெரிக்கப் படைத்தளத்தின் ஓரத்தில் வளர்ந்த பகுதி. ஆங்கிலப் பலகைகள், நடனம், அந்நியர்கள். தொண்ணூறுகளில் அங்கேயும் ஒரு மேட்டுச் சந்து இபன்களின் இடமாயிற்று. ஜோங்னோவில் குடித்துவிட்டு இதேவொன்னில் ஆடப்போவது வழக்கமாயிற்று. அதே காலத்தில்தான் அமைப்புகளும் வந்தன: 1993 இறுதியில் சோதோங்ஹ்வே, அது பிரிந்து 1994இல் ஆண்களுக்குச் சிங்குசாய், பெண்களுக்குக் கிரிகிரி. 2000இல் நடிகர் ஹோங் சோக்-சோன் தன்னை வெளிப்படையாக அறிவித்தார்; தொலைக்காட்சி வேலைகள் பறிபோயின. அப்புறம் அவர் உணவகம் நடத்தியதும் இதேவொன்னில்தான்.

2020க்கு வருவோம். மே மாதம் இதேவொன் நடன விடுதிகளில் கொரோனா பரவியது. ஒரு நாளிதழ் 'கே கிளப்' என்று தலைப்பிட்டது. அவ்வளவுதான், ஊரே தேட ஆரம்பித்துவிட்டது. கைபேசிக் கோபுரங்களின் பதிவிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நகராட்சி திரட்டியது. வருகைப் பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்றார்கள். பெயர் சொல்லாமலே சோதனை செய்யலாம் என்று சியோல் அறிவித்த பிறகுதான் சோதனைக்கு வருவோர் எண்ணிக்கை ஏறியது. இருட்டின் நாகரிகத்தைச் சுகாதாரத் துறையே கடன் வாங்கவேண்டியதாயிற்று, பாருங்கள்.

அதே 2020இல் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. சோ சோங்-வுக், கிம் யோங்-மின் என்ற இருவர், 2019இல் விழா நடத்திச் சேர்ந்து வாழ்கிறவர்கள், தேசிய நலக் காப்பீட்டில் சொந்தப் பெயரோடு பதிந்தார்கள், ஒருவர் மற்றவரைச் சார்ந்தவராக. பிப்ரவரியில் ஏற்றார்கள். விஷயம் ஊடகங்களில் வந்ததும், அக்டோபரில், தவறுதலாக நடந்துவிட்டது என்று அழித்துவிட்டார்கள். பெயரை மறைத்தவர்களைப் பெயரால் வேட்டையாடிய அதே ஆண்டில், பெயரைத் தானே முன்வந்து எழுதியவர்களின் வரி அடிக்கப்பட்டது. வெளியே வா என்று கூப்பிடும் நவீனத்துவக் குரலை நான் சந்தேகிப்பது இதனால்தான்.

இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் தோற்றார்கள், 2023இல் மேல்முறையீட்டில் வென்றார்கள், 2024 ஜூலை 18இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காப்பீடு மட்டும்தான், திருமணம் அல்ல. அந்த அக்டோபரில் 11 ஜோடிகள் திருமணப் பதிவு கேட்டு நீதிமன்றம் போனார்கள். படையில் இருக்கும் ஒருவர் அப்படியொரு மனுவில் தன் பெயரை எழுத முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.