அட்மிரல் ஜான் டவர்ஸ்: கடலும் வானும் கண்ட ஒரு வீரர்

வெற்றி பெற்றோர் சரிதத்தை விரித்துரைப்பார் பலர். இடுக்கண் வந்த காலத்துத் தளராது நின்று, அவ்விடுக்கணைக் கொண்டே பின்வருவோர்க்கு நன்மை தேடினோர் சரிதத்தை உரைப்பார் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கடற்படையைச் சேர்ந்த ஜான் டவர்ஸ் அத்தகையோருள் ஒருவராதலின், அவரைக் குறித்துச் சில கூறப் புகுகின்றோம்.

இவர் ஜார்ஜியா மாகாணத்து ரோம் என்னும் ஊரில் 1885-ம் வருஷம் பிறந்தார். அனாபொலிஸ் கடற்படைக் கலாசாலையில் 1906-ல் தேறினார். பெரும் பீரங்கிக் கப்பலே கடற்படைக்கு உயிரென்று மூத்தோர் கருதிய அக்காலத்தில், இவர் 1911-ல் கிளென் கர்ட்டிஸ் என்பாரிடம் விமான வித்தை பயின்று, கடற்படை விமானிகளுள் மூன்றாமவரானார். மறு வருஷமே கடல்விமானமொன்றில் இறங்காமல் ஆறு மணி நேரத்திற்கு மேல் பறந்து காட்டினார்.

1913-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி பெருந்துன்பம் நேர்ந்தது. வில்லியம் பில்லிங்ஸ்லி என்னும் இளம் அதிகாரி ஓட்டிய விமானத்தில் டவர்ஸ் உடன் சென்றார். செசபீக் விரிகுடாவின்மீது ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் காற்று மோதவே, பில்லிங்ஸ்லி ஆசனத்தினின்று எறியப்பட்டு வீழ்ந்து மாண்டார். கடற்படை விமானத் தொழிலில் பலியான முதல்வர் அவரே. டவர்ஸோ சட்டமொன்றைப் பற்றித் தொங்கியபடியே விமானத்தோடு நீரில் வீழ்ந்து, காயத்தோடு உயிர் பிழைத்தார். பிழைத்தவர் தம் நல்லூழை எண்ணி வாளாவிருந்தாரல்லர். விமானியை ஆசனத்தோடு பிணைக்கும் வார்க்கச்சை வேண்டுமென்று மேலோர்க்கு எடுத்துரைத்தார். அதன்பின் அக்கச்சை வழக்கத்திற்கு வந்தது.

1919-ம் வருஷம் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைக் கடக்க மூன்று பறக்கும் படகுகள் புறப்பட்டன. அவற்றிற்குத் தலைவர் டவர்ஸே. மே மாதம் 16-ந் தேதி நியூபவுண்ட்லாந்தை விட்ட பின், அவரேறிய மூன்றாம் எண் விமானம் மூடுபனியில் வழி காணாது கடலில் இறங்கிச் சிதைந்தது. மீண்டும் எழும்பும் வலியிழந்தது. உடனே அவர் தம் பழைய மாலுமித்தொழிலை மேற்கொண்டார். விமானத்தின் வாலைப் பாய்போலக் கொண்டு, காற்றின் போக்கில் பின்புறமாகவே ஏறக்குறைய 200 மைல் செலுத்தினார். இரண்டு நாட்களுக்கு மேல் அலையோடு போராடி, அசோர்ஸ் தீவுகளிலுள்ள போண்டா டெல்காடாத் துறையை அடைந்தார். உதவிக்கு வந்த கப்பலின் இழுகயிற்றையும் மறுத்து, சொந்த இயந்திர பலத்தாலேயே துறை புகுந்தார். ஆயினும் சமுத்திரத்தை முதலிற் கடந்த கீர்த்தி, மே மாதம் 27-ந் தேதி லிஸ்பன் நகரை எய்திய நான்காம் எண் விமானத்திற்கும் அதன் தலைவர் ஆல்பர்ட் ரீடுக்குமே உரியதாயிற்று.

பிறர்க்குப் புகழ் வாய்த்ததென்று இவர் தொழிலைத் துறந்தனரோ? இலர். லாங்லி, சாரடோகா என்னும் விமானந்தாங்கிக் கப்பல்களுக்குத் தலைமை வகித்தார். 1939 முதல் 1942 வரை கடற்படை விமான இலாகாவின் தலைவராயிருந்து, வரவிருந்த மகா யுத்தத்திற்கு வேண்டும் விமானங்களையும் விமானிகளையும் திரட்டினார். பின்னர்ப் பசிபிக் கடற்படையின் விமானப்பகுதிக்குத் தலைவரானார். பெரும் போர்களில் அணியை நடத்திய பேர் பிறர்க்கே வாய்த்தது. அவ்வணியை ஆக்கி அளித்த உழைப்பில் இவர் பங்கு பெரிது. 1947-ல் ஓய்வு பெற்று, 1955-ல் காலமானார்.

நேயர்காள்! பேர் பெறுதல் ஊழின்பாற்பட்டது, பயன்படுதல் நம்பாற்பட்டது. இன்று ஆகாயமார்க்கமாய்ச் செல்வோர் ஆசனத்தில் அமர்ந்து கச்சையை இறுக்கும்போது டவர்ஸை நினைப்பாரில்லை. நினையாதாரையும் காப்பதன்றோ நற்பணி? நம் வாலிபர் எத்தொழிலிற் புகினும், தாம் பட்ட துன்பம் தமக்குப் பின் வருவார் படாதிருக்க வழி செய்வாராயின், அதுவே மெய்யான வீரமென்போம்.