வெறுங்காலுக்குப் பின்னால் ஒரு கல்லூரி: 1911 ஷீல்டு வெற்றி குறித்து

சங்கரன்கோவில் வட்டாரத்தில் 1911 என்றால் நினைவுக்கு வருவது மணியாச்சி. அந்த ஆண்டு ஜூன் 17இல், திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் அங்கே சுட்டுக் கொன்றார். வங்காளிக்கு அதே ஆண்டு வேறொரு ஆண்டு. சரியாக ஆறு வாரம் கழித்து, ஜூலை 29இல், மோகன் பகான் கால்பந்து அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2–1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. துப்பாக்கியால் ஆகாதது பந்தால் ஆயிற்று என்று இவ்விரண்டையும் முடிச்சுப் போடுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை.

அந்த வெற்றியை வெறுங்காலுக்கும் பூட்ஸுக்கும் நடந்த போராகவே சொல்லிவருகிறோம். இந்தச் சித்திரத்தில் விடுபட்டுப்போனது கல்லூரி என்பதே என் வாதம். அந்த ஷீல்டில் மோகன் பகான் முதலில் சந்தித்தது எந்தப் படையணியையும் அல்ல. கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியை. ஜூலை 10இல் 3–0 என்று வென்றது. பிறகு ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேட், மிடில்செக்ஸ் என வரிசை நீண்டது. மிடில்செக்ஸுடன் முதல் ஆட்டம் 1–1 என்று முடிய, மறு ஆட்டத்தில் 3–0. ஆக, ஆறு ஆட்டங்களில் அடித்தது 12 கோல், வாங்கியது மூன்றே மூன்று. ராணுவத்தை வென்ற கதையில் மாணவர்களை வென்ற ஆட்டத்துக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

இறுதி ஆட்டத்தில் முதல் கோல் வெள்ளையர் அணியுடையது. தலைவர் சிவதாஸ் பாதுரி அதைச் சமன்செய்தார். வெற்றிக் கோலை அடித்த அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்தவர். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆட, பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆள் சுதிர் சட்டர்ஜி. அவரோ கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர். வெறுங்கால்–பூட்ஸ் என்ற எதிர்வு அந்த அணிக்குள்ளேயே உடைகிறது. பின்னால் வந்த வரலாறும் அதற்குத் துணை நிற்கவில்லை. ஈரத்தரையில் வெறுங்கால் வழுக்கும். கல்கத்தாவின் கால்பந்துப் பருவமோ மழைக்காலம். ஈரமான நாட்களில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா கால்பந்து லீகை வென்றது.

வங்காளத்தில் கால்பந்தின் தொடக்கக் கதையும் பள்ளி, கல்லூரி வாசலில்தான் நிற்கிறது. ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரிக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஆட்ட முறையைக் கற்றுக்கொடுத்தவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பார்கள். பந்து, மைதானம், மாலையில் ஓய்வு, எதிர்த்து ஆட இன்னொரு அணி: இவை நான்கும் ஓரிடத்தில் கூடினால்தான் ‘பருவம்’ என்ற ஒன்றே உருவாகும். வீரம் மட்டும் போதுமென்றால் அது தென்பாண்டிச் சீமையில் பஞ்சமா என்ன?

1911இல் சங்கரன்கோவிலில் கல்லூரி கிடையாது. ஊருக்கு ஆண்டின் பெரும் பருவம் ஆடித்தபசுத் திருவிழா. மேலே படிக்க நினைத்த பையன் திருநெல்வேலிக்கோ பாளையங்கோட்டைக்கோ போக வேண்டும். மோகன் பகான் முதல் சுற்றில் வென்ற கல்லூரியின் பெயரையே தாங்கி, அதே இயேசு சபையார் பாளையங்கோட்டையில் கல்லூரி தொடங்கியது 1923இல்தான்.