ஹார் காவும் நம்ம கொழுக்கட்டையும்

இறால் வைத்து ஆவியில் வேகவைத்த சீனப் பலகாரமான ஹார் காவ் படத்தை அனுப்பி, "நம்ம கொழுக்கட்டையத்தான் சீனாக்காரன் திருடிட்டான்" என்று எழுதியிருந்தார் உடுமலைப்பேட்டை நண்பர் ஒருவர். அப்படிச் சொல்ல முடியுமா?

முதல்ல காலத்தைப் பார்ப்போம். பூரணம் வைத்த மோதகம் மதுரைக்காஞ்சியிலேயே வருகிறது. மதுரையின் இரவுக் கடைவீதியில் அதை விற்கிறார்கள். பருப்பும் தேங்காயும்தான் உள்ளீடு என்கிறது நச்சினார்க்கினியர் உரை. ஹார் காவ் ரொம்பப் பிந்தியது. குவாங்சோ புறநகர்த் தேநீர்க்கடை ஒன்றில் 1920-30களில் பிறந்ததாகச் சொல்வார்கள். அதனால மட்டும் நாமதான் மூத்தவங்கன்னு சொல்லிட முடியாதுங்க. துர்பான் அருகே அஸ்தானா கல்லறைகளில், தாங் மன்னர்கள் காலத்து (618–907) கோதுமைக் கொழுக்கட்டைகளே காய்ந்த நிலையில் கிடைத்திருக்கின்றன. மாவுக்குள் எதையாவது வைத்து மூடும் யோசனை யாருக்கும் தனிச்சொத்து இல்லை.

எனக்குப் பெரிதாகப் படும் ஒற்றுமை வேறு. சப்பாத்தி மாவு இழுபடுவதற்குக் காரணம் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம். அரிசியில் அது கிடையாது. பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் அரிசிமாவு விண்டு போகும். கொதிநீர் ஊற்றினால் மாவுச்சத்தில் ஒரு பகுதி வெந்து பசையாகி, மீதியைப் பிடித்துக்கொள்கிறது. ஹார் காவ் செய்பவர்கள் கோதுமையிலிருந்து குளூட்டனை அலசி எடுத்துவிட்டு, மிஞ்சும் வெள்ளை மாவுச்சத்தில்தான் தோல் செய்கிறார்கள். உள்ளே இறால் தெரிகிற மாதிரி பளபளப்பு அதனால்தான். ஆனா இப்ப அவங்களுக்கும் நம்ம சிக்கலேதான்! தீர்வும் அதே கொதிநீர்தான்.

தோல் இழுவையாக இருக்க இன்று மரவள்ளி மாவும் கலக்கிறார்கள். அது நம் கொங்குப் பக்கத்துக்கும் பழக்கமான பொருள். 1942இல் மலேயா ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தில் அந்தத் தொழில் தொடங்கியது. தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு, சேலத்து ஜவ்வரிசிக்கும் குவாங்சோ பலகாரத்துக்கும் பொதுவாகிவிட்டது.

ஆக, திருட்டு என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஒரே மாதிரி மாவு, ஒரே மாதிரி விடையை இரண்டு ஊர்க் கைகளுக்கும் கற்றுத் தந்திருக்கிறது. கொழுக்கட்டை விண்டு போனா எங்க அம்மா, "தண்ணி தளதளன்னு கொதிக்கல"ம்பாங்க. இந்த வேதியியலை முதலில் கண்டுபிடித்த பெண்ணின் பெயர்தான் எந்த ஏட்டிலும் இல்லை.