குளிசையைப் பங்குபோட்டவர்கள்

ஒரு மருந்து வேலை செய்யுதா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, மற்றக் குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. யாருக்கு எது போகுது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. கடைசியில் எண்ணிப் பார்ப்பார்கள். நல்ல முறைதான். ஆனால், வெறும் குளிசை கிடைத்த ஆளின் பக்கத்திலிருந்து நாங்கள் யோசிக்கிறோமா?

1980களில் அமெரிக்காவின் எயிட்ஸ் நோயாளிகள் எல்லாரையும் அப்படி யோசிக்க வைத்தார்கள்.

1983இல் டென்வர் நகரில் கூடிய சில நோயாளிகள் ஒரு பிரகடனம் எழுதினார்கள். எங்களைப் 'பலியானவர்கள்' எண்டு சொல்ல வேண்டாம், தீர்மானம் எடுக்கிற ஒவ்வொரு மட்டத்திலும் எங்களுக்கும் இடம் வேணும் என்பதுதான் அதன் சாரம். அப்போது அந்த நோய்க்கு மருந்தே இல்லை.

முதல் மருந்தான ஏ.இசட்.டி.யை 282 பேரில் சோதித்தார்கள். வெறும் குளிசை எடுத்தவர்களில் 19 பேரும், மருந்து எடுத்தவர்களில் ஒருவரும் இறந்திருந்த நிலையில், 1986இல் பரிசோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். 1987 மார்ச்சில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விலை வருடத்துக்குக் கிட்டத்தட்ட 10,000 டொலர்! அதே மாதம் நியூயோர்க்கில் 'அக்ட் அப்' என்ற போராட்ட அமைப்பு பிறந்தது.

இதற்கிடையில் பரிசோதனைகளுக்குள் இன்னொரு கதை நடந்தது. சிலர் தங்கட குளிசையில் மருந்து இருக்குதா எண்டு ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சிலர் மற்றவர்களோடு பங்குபோட்டு விழுங்கினார்கள். இதை ஏமாத்து எண்டு சொல்லலாம். ஆனால் சாவு வாசலில் நிற்கும்போது விதியைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலுமா? நோயாளியைக் கேட்காமல் போட்ட திட்டம் நோயாளியின் கையிலேயே உடைந்தது. ஆய்வாளர்களின் கணக்கும் நம்ப முடியாததாகிப் போனது.

அக்ட் அப் கத்தினது மட்டுமில்லை, படிச்சது. மருந்து வேதியியலாளரான ஐரிஸ் லோங் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். 1988 ஒக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் அரச நிறுவனத்தைச் சூழ்ந்தார்கள். அடுத்த வருடம், பரிசோதனையில் சேர முடியாதவர்களுக்கும் புது மருந்தைக் கொடுக்கும் வழியை அரச ஆய்வாளர் அந்தோனி ஃபவுச்சி ஆதரித்தார். 1990இல் இன்னொரு பெரிய ஆர்ப்பாட்டம். பிறகு பரிசோதனைகளைத் திட்டமிடும் குழுக்களில் நோயாளிகளின் பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள்.

எங்களைக் கவர்ந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1994இல் சக்வினாவிர் என்ற புது மருந்துக்கு விரைவு அனுமதி பற்றிய பேச்சு வந்தபோது, அக்ட் அப்பிலிருந்து பிரிந்த ஒரு குழுவே 'பொறுங்கோ, முதலில் பெரிய பரிசோதனை செய்யுங்கோ' என்றது. கெதியாய் மருந்து தா எண்டு தெருவில் நின்றவர்கள்! மற்றப் போராளிகள் கோபப்பட்டார்கள். இரண்டு பக்கமும் நோயோடு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். ஏ.இசட்.டி.யின் பலன் நீடிக்காததை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். கிடைக்கிற மருந்து உண்மையில் உயிரைக் காக்குமா என்பதும் அவர்களுக்குத்தான் முக்கியம்.

நோயாளியை உள்ளே விட்டால் விஞ்ஞானம் கெட்டுப்போகும் எண்டு பயந்தவர்களுக்கு இந்த வரலாறுதான் பதில். கிளினிக்கில் வரிசையில் நின்று, கேட்க வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு வருகிற எங்களுக்கும் அது ஒன்றைச் சொல்கிறது: அந்தக் கேள்வி வைத்தியருக்கும் தேவையானது.