கண்டிச் சுவர்களும் பூஞ்சணமும் – ஒரு வரலாற்று நோக்கு

கட்டடக்கலை வரலாற்றை ஆராய்வோர் அமைப்பையும் அணியையும் நோக்குமளவிற்கு ஈரத்தை நோக்குவதில்லை. ஆயின், இரு பருவக்காற்றுகளாலும் மழைபெறும் கண்டிப் பிரதேசத்திலே, யாருடைய சுவரிற் பூஞ்சணம் பற்றியது என்பது சமூக வரலாற்று வினாவுமாகும்.

பூஞ்சணம் வளர ஈரமும் சேதனப் பொருளும் வேண்டும். கருங்கல்லும் சுட்ட செங்கல்லும் அதற்கு உணவாகா. அவற்றின்மீது படியும் அழுக்கே உணவாகும். சாணம் மெழுகிய மண்சுவரோ இரண்டையும் ஒருங்கே அளிக்கின்றது. சுண்ணாம்பு தன் காரத்தன்மையாற் பூஞ்சணத்தைத் தடுக்கும். எனினும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து அத்தன்மை குன்றுவதால், அதனை மீண்டும் மீண்டும் பூசுதல் வேண்டும்.

நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344 இல், கடலாதெனிய விகாரை பெரும்பாலும் கருங்கல்லாலும், லங்காதிலக விகாரை செங்கல்லாலும் எழுந்தன. லங்காதிலகச் சாசனங்கள் சிங்களத்திலும் தமிழிலும் நிலமானியங்களைக் கூறுகின்றன. இவை நிலைத்தமைக்குப் பொருளின் வலிமை மட்டுமன்றி, தொடர்ந்து பேணுதற்கு வகுக்கப்பட்ட வருவாயும் காரணமெனலாம்.

குடிமக்கள் நிலை வேறு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், மக்கள் ஓடு வேய்தலும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும் விலக்கப்பட்டிருந்தன என 1681 இல் வெளியான தமது நூலிற் குறிப்பிடுகின்றார். அவர்கள் சிலவேளை வெண்களிமண்ணைப் பூசினர். அது நிறத்தில் ஒத்ததேயன்றிக் காரத்தில் ஒத்ததன்று. எனவே, வெண்மையைப் பெற்ற குடியானவன் அதன் காவலைப் பெற்றானல்லன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்கு லயன்கள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அறையொன்றிற் குடும்பமொன்று சமைத்தது, உறங்கியது. முதுகோடு முதுகாய் அமைந்த இரட்டை லயன்களிற் பின்புறச் சாளரத்துக்கு இடமில்லை. மூச்சின் ஈரமும் சமையலின் ஆவியும் வெளியேற வழியின்றி, இரவிற் குளிரும் தகரக் கூரையில் நீராய்ப் படிந்தன. அத்தகைய அறையிற் சுண்ணாம்பு பூசினும் அதன் பயன் சிறிதே. காற்றோட்டமின்மையைச் சுண்ணாம்பு ஈடுசெய்யாது.

ஆகவே, பூஞ்சணத்தை எதிர்க்கும் ஆற்றல் பொருளில் மாத்திரம் உறைவதன்று. பொருளைப் பெறும் உரிமை, பேணும் வருவாய், காற்று நுழையும் இடம் ஆகிய மூன்றும் கூடியவிடத்தே அது நிலைக்கின்றது. விகாரைக்கு இவை வாய்த்தன; குடிசைக்கு முதலாவது மறுக்கப்பட்டது; லயத்துக்கு மூன்றாவது மறுக்கப்பட்டது. மலையகத்தில் இன்றும் எஞ்சியுள்ள லயன்களின் கறுத்த சுவர்களை, அங்கு வாழ்வோரின் கவனமின்மைக்குச் சான்றாகக் கொள்வது வரலாற்றை அறியாதார் கூற்றேயாகும்.