கனகுர்தா: ஒரு மீன்பெயரின் அசையும் அழுத்தமும்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தென்னிந்தியர் தேடி வாங்கும் கடல்மீன்களுள் ஒன்றுக்கு ஊருக்கொரு பெயர். இந்தியில் அது பாங்டா, மலையாளத்தில் அயல, தமிழில் அயிலை அல்லது கானாங்கெளுத்தி. ஆங்கில உயிரியல் நூல்கள் அதனை 'ராஸ்ட்ரெல்லிஜெர் கனகுர்தா' என்று குறிக்கின்றன. மாணவர் நாவில் எளிதில் புரளாத இவ்விரு சொற்களும் இலத்தீன் என்றே பலராலும் கருதப்படுகின்றன. உண்மையில் முதற்சொல் மட்டுமே இலத்தீன்.

அச்சொல்லின் முற்பகுதி பற்களுடைய சிறு வாரியைக் குறிக்கும். 'ஜெர்' என்னும் ஈறு தாங்குவது எனப் பொருள்படும். இம்மீனின் செவுள்களில் நீண்ட முட்கள் சீப்புப் பற்களைப்போல் வரிசையாக அமைந்து, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்தெடுக்கின்றன. அதனைச் சுட்டியே 1908இல் ஜோர்டான், ஸ்டார்க்ஸ் ஆகிய அமெரிக்க மீனியலாளர்கள் இப்பேரினப் பெயரை அமைத்தனர்.

இரண்டாம் சொல் தெலுங்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகப் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், விசாகப்பட்டினத்தில் திரட்டிய 200 மீன்களின் விளக்கங்களையும் படங்களையும் 1803இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் உள்ளூர்ப் பெயர்களையும் பதிவுசெய்தார். பாரிசிலிருந்த கூவியே, 1816இல் அந்நூலை ஆதாரமாகக் கொண்டு 'கனகுர்தா'வை அறிவியற்பெயராக்கினார். ரஸ்ஸலின் பெயரும் கூவியேயின் பெயரும் மீனியல் வரலாற்றில் நிலைத்தன. அச்சொல்லை வழங்கிய மீனவர்களின் பெயர்களோ அதில் இடம்பெறவில்லை.

இலத்தீன் விதிப்படி, ஈற்றயலசை நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும். இல்லையெனில் அதற்கு முந்திய அசைமேல் விழும். ஆகவே முதற்சொல்லில் 'ட்ரெல்' அழுத்தம் பெறும். இரண்டாவதில் 'குர்' பெறும். தமிழ் யாப்போ அழுத்தத்தைக் கணக்கிடுவதில்லை. குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டே அசை பிரிக்கும். அவ்வாறு பிரித்தால் முதற்சொல் தேமாங்கனி, இரண்டாம் சொல் புளிமாங்காய்.

அழுத்தம் இடம் மாறினால் வகுப்பறையில் நகைப்புக்கு உள்ளாகும் மாணவர் இன்றும் உண்டு. ஆனால் அனைத்துலக விலங்குப் பெயரீட்டு நெறி எழுத்துக்கே விதி வகுக்கிறது, ஒலிப்புக்கு வகுக்கவில்லை. இலத்தீன் விதியைத் தெலுங்குச் சொல்லின்மேல் ஏற்றுவது வழக்கமேயன்றி அறிவியலின் கட்டளை அன்று. 'கனகுர்தா'வைத் தம் நாவுக்கு இயல்பாக ஒலிக்கும் ஆந்திரக் கடற்கரை மாணவர், அச்சொல் பிறந்த இடத்துக்குப் பாரிசைவிட அண்மையில் நிற்கிறார்.